ஒற்றைக்கால் பேட்ஸ்

ஜெய்ப்பூர் வந்து நாலு வருஷம் ஆச்சு. மார்ச் கணக்கெல்லாம் முடிந்து கொஞ்சம் மூச்சு விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொண்ணு தன் போனை நீட்டி "அப்பா, இதைப் பாருங்களேன்" என்றாள். பழைய கறுப்பு வெள்ளை வீடியோ. ஒருத்தர் டேப் டான்ஸ் ஆடுகிறார். ஷூவுக்கு அடியில் முன்னும் பின்னும் உலோகத் தகடு வைத்து, காலையே மிருதங்கமாக்கி ஆடுவார்களே, அதுதான். ஆனால் இவருக்கு ஷூ ஒன்றுதான். இன்னொரு கால் முட்டிக்குக் கீழே வெறும் மரக்கட்டை!

பெயர் கிளேட்டன் பேட்ஸ். ஊர் உலகத்துக்கு 'பெக் லெக்' பேட்ஸ், அதாவது கட்டைக்கால் பேட்ஸ். அன்று ராத்திரி தங்கமணி தூங்கின பிறகும் உட்கார்ந்து அவரைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

1907ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஃபவுண்டன் இன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். வாரத்துக்கு நிலம் உழுத ஏழைக் கறுப்பினக் குடும்பம். அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். அஞ்சு வயசிலேயே சில்லறைக் காசுக்காக வெறுங்காலில் ஆடின பையன். 12 வயதில் பருத்தி ஆலையில் வேலைக்குப் போன இடத்தில் கால் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது. கறுப்பர்களுக்கு ஆஸ்பத்திரிக் கதவு திறக்காத காலம். வீட்டுச் சமையலறை மேஜையில் கிடத்தித்தான் காலை எடுத்தார்களாம். மாமா ஒருவர் மரத்தில் கட்டைக்கால் செதுக்கிக் கொடுக்க, பையன் அதை வைத்துத் திரும்பவும் ஆட ஆரம்பித்துவிட்டான்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், இவர் கட்டையை மறைக்கவே இல்லை. தகடு வைத்த ஷூவில் ஒரு சத்தம், கட்டையில் கனமான வேறொரு சத்தம். மற்ற டான்சர்களிடம் இல்லாத தாளம் இவரிடம் இருந்தது. உயர எகிறி, நல்ல காலைப் பின்னால் நீட்டிக்கொண்டு கட்டையிலேயே வந்து இறங்குவார். கோட் சூட் நிறத்துக்கு ஏற்ற மாதிரி விதவிதமாகக் கட்டைக்கால் வைத்திருந்தாராம் (நான் டை மாற்றவே யோசிப்பேன்!). எட் சல்லிவன் டி.வி. நிகழ்ச்சியில் மட்டும் இருபது தடவைக்கு மேல் ஆடியிருக்கிறார்.

பேங்க்காரன் புத்தி, அடுத்து அவருடைய வியாபாரத்தில் போய் நின்றது. நியூயார்க்குக்குப் பக்கத்தில் கேட்ஸ்கில் மலை, அங்கே பெரிய பெரிய கோடை ஓட்டல்கள். மேடையில் ஆட இவர் வேண்டும். ஆனால் கறுப்பர் என்பதால் விருந்தாளியாகத் தங்க இடமில்லை. மனுஷன் சண்டை போட்டு நேரத்தை வீணாக்கவில்லை. 1951ல் கெர்ஹாங்க்சனில் இருந்த ஒரு வான்கோழிப் பண்ணையை வாங்கி, மனைவி ஆலிஸோடு சேர்ந்து சொந்த ரிசார்ட் ஆரம்பித்துவிட்டார். நியூயார்க்கிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் பஸ் பஸ்ஸாக வந்தன. முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது.

யோசித்துப் பாருங்க. கோடையில் மட்டும் வருமானம், முதலாளிக்கு ஒரு கால், முன்பு இருந்தது வான்கோழிப் பண்ணை. இந்த ஃபைல் என் மேஜைக்கு வந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன்?

என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். வந்தது. இங்கே ஒரு ரஜாய்க் கடைக்காரர், ஜெய்ப்பூர் கால் போட்டவர், கடையைப் பெரிசாக்க மூணு லட்சம் கேட்டு வந்தார். கணக்கு வழக்கு சுத்தமாக இருந்தது. நான் கேட்ட கேள்வி, "நாள் பூரா கடையில் நிற்க முடியுமா?"

"நிற்பதற்கா சாப் கடன் கேட்டேன்?" என்றார், சிரித்துக்கொண்டேதான். நான் சிரிக்கவில்லை. 'நேரடியாகக் கவனித்துக்கொள்ளும் திறன் சந்தேகம்' என்று குறிப்பு எழுதினேன். ஃபைல் அங்கேயே படுத்துவிட்டது. மேலதிகாரி யாரும் சொல்லி எழுதினதில்லை, என் கையெழுத்துதான்.

பேட்ஸ் 1998 டிசம்பரில் 91 வயதில் இறந்தார். சொந்த ஊருக்குப் போயிருந்தார், முந்தின நாள்தான் அந்த மாநிலம் தன்னுடைய உயரிய விருதைக் கொடுத்திருந்தது. கால் போன இடமும் அந்த ஊர்தான். இப்போது அங்கே அவருக்குச் சிலை இருக்கிறது. யூட்யூபில் அவர் ஆடுவது கிடைக்கிறது, அவசியம் பாருங்க.

போன மாசம் அந்த ரஜாய்க் கடை வழியாகப் போனோம். வேறு பேங்கில் கடன் கிடைத்திருக்க வேண்டும், பக்கத்துக் கடையையும் சேர்த்து இடித்துப் பெரிசாகக் கட்டியிருந்தார். "நல்லா இருக்கே, இங்கேயே ஒரு ரஜாய் வாங்கலாமே" என்றாள் தங்கமணி. பார்க்கிங் இல்லை என்று சொல்லி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.