பாலவனத்தம் உறுமியும் லண்டன் மாயாவும்

பங்குனி பிறந்தால் பாலவனத்தத்தில் அந்த வீட்டில் ஒரு சண்டை நிச்சயம். அப்பா உறுமிக்காரர். மகனுக்கு 22 வயது, அருப்புக்கோட்டைப் பக்கம் நூல் மில்லில் ஷிஃப்ட் வேலை.

"இந்த வருஷம் பொங்கலுக்கு எங்கூட வாரியா, இல்லையா?"

"லீவு கிடைக்காதுப்பா."

லீவு கேட்டால் கிடைக்கும். கூட வேலை பார்ப்பவர்கள் கண் முன்னால் உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க அவனுக்குக் கூச்சம், அவ்வளவுதான். ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரில் தொடங்குவார்கள். அந்தப் பேச்சு உறுமிக்காரர் வீடு வரை வருவதில்லை.

ஒரு நைட் ஷிஃப்டில், டீ நேரத்தில், நண்பன் ஒருவன் ஹெட்செட்டை அவன் காதில் மாட்டினான். 'பேர்ட் ஃப்ளூ' என்று ஒரு இங்கிலீஷ் பாட்டு. ஆரம்பமே உறுமி. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகல் அவனுக்குத் தெரியாதா என்ன? தூளியில் கிடந்தபோதே கேட்டது.

பாடியவர் எம்.ஐ.ஏ. முழுப்பெயர் மாதங்கி அருட்பிரகாசம், வீட்டில் மாயா. 1975-ல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனவர். அப்பா 'அருளர்', ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். வீட்டில் தங்கிய நாட்கள் குறைவு. இடையில் சென்னையில் கொஞ்ச காலம், மறுபடி யாழ்ப்பாணம். 1986-ல் அம்மா கலா பிள்ளைகளோடு லண்டனுக்கு அகதியாக வந்து சேர்ந்தார். அம்மாவுக்குத் தெரிந்த தொழில் தையல். அதில்தான் குடும்பம் ஓடியது.

மாயா படித்தது செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில். பாட்டுக்காரியாக வேண்டும் என்ற திட்டமெல்லாம் இல்லை. ரோலண்ட் 505 என்ற சின்ன இசைப்பெட்டி ஒன்று கைக்கு வந்தது, தட்டிப் பார்த்தார். 2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயரையே வைத்தார்: 'அருளர்'. எங்கோ இருக்கும் அப்பா இணையத்தில் தன் பெயரைத் தேடினால் மகள் கிடைப்பாள் என்று ஒரு கணக்கு. கணக்குத் தப்பவில்லை. அப்பா தொடர்புகொண்டார், பெயரை மாற்றச் சொல்லி! மகள் மாற்றவில்லை.

இரண்டாவது ஆல்பம் 'கலா' (2007), அம்மா பெயரில். அமெரிக்காவில் பதிவு செய்ய நினைத்தவருக்கு விசா கிடைக்கவில்லை. ஊர் ஊராகச் சுற்றி சென்னைக்கு வந்தார். உறுமி உள்ளே வந்தது இப்படித்தான். ஏ.ஆர்.ரஹ்மானின் ஸ்டூடியோவில் மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். 'பேர்ட் ஃப்ளூ' வீடியோவை எடுத்தது ராமேஸ்வரம் பக்கம். பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். அதே ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' 2008-ல் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. 2009 பிப்ரவரியில், நிறைமாத வயிற்றோடு கிராமி மேடையில் பாடினார். மூன்று நாளில் மகன் பிறந்தான். ரஹ்மானோடு 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்குச் செய்த பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

ஈழத்தில் போர் உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. கிடைத்த மைக்கில் எல்லாம் அதைப் பேசினார். அதற்காகத் திட்டும் வாங்கினார். 2012-ல் சூப்பர் பவுல் மேடையில் நடுவிரலைக் காட்டி வழக்கு வரை இழுத்துக்கொண்டார். சமீப வருடங்களில் தடுப்பூசி பற்றி அவர் சொன்னவற்றை ரசிகர்களே ஏற்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்தான். அப்படி இருந்திருந்தால் 'அருளர்' என்று பெயர் வைத்திருக்கவும் மாட்டார்.

2019-ல் பிரிட்டிஷ் அரசு எம்.பி.இ. பதக்கம் அறிவித்தது. அம்மாவுக்காக வாங்கிக்கொள்கிறேன் என்றார் மாயா. காரணம், லண்டன் வந்த நாளிலிருந்து கலா செய்த வேலை அரசிக்காக அந்தப் பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுப்பது. முப்பது வருடம், குறைந்தபட்சக் கூலி. அதே வருடம் டிசம்பரில் அருளர் காலமானார்.

மில் பையன் இதையெல்லாம் ஒரே ராத்திரியில் படித்து முடித்தான். விடிந்து வீட்டுக்குப் போனவன், திண்ணையில் இருந்த அப்பாவின் காதில் ஹெட்செட்டை வைத்தான். அவர் கண்ணை மூடிக் கேட்டார். தொடையில் விரல் தானாகத் தாளம் போட்டது.

"அடி சுத்தமா இருக்கு. யாரு பாட்டு?"

"லண்டன்ல ஒரு அக்கா. நம்ம தமிழ்தான்."

"சரி, அடிச்ச பயலுகளுக்கு எம்புட்டுக் குடுத்தாகளாம்?"

அதற்கு அவனிடம் பதில் இல்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. தோல் மாற்ற வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் விருதுநகர் போய் வரணும் என்றார், யாரிடமோ சொல்வது போல.

அவன் வருகிறேன் என்று சொல்லவில்லை. சாயங்காலம் மில்லுக்குப் போனதும் நண்பனிடம் வெள்ளிக்கிழமை ஷிஃப்டை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டான்.