ரமணரே திரும்பி வந்த வழி... அண்ணாமலையில் பாதை மாறினால் என்ன செய்வது?

திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் பின்வாசலைத் தாண்டினால், கந்தாசிரமத்துக்கு ஏறும் கல் பாவிய பாதை வந்துவிடும். நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம். கையில் தின்பண்டம் இருக்கிறதா என்று நோட்டம்விடும் குரங்குகள், கந்தாசிரமத்தை நெருங்கும்போது அண்ணாமலையார் கோயில் கோபுரங்கள் அத்தனையும் ஒரே பார்வையில் தெரியும் இடம் என்று, நண்பரோடு பேசிக்கொண்டே நடக்க அருமையான பாதை. ஆனால், இதைவிட்டு விலகினால் 2,668 அடி உயர மலை வேறு முகத்தைக் காட்டும்.

அந்த முகத்தை ரமணரே பார்த்திருக்கிறார்!

1896 செப்டம்பர் 1-ம் தேதி, 16 வயதில் திருவண்ணாமலைக்கு வந்தவர் அவர். அதன்பின் 1950-ல் மறையும்வரை இந்த ஊரைவிட்டுப் போகவே இல்லை. 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகை, பிறகு 1922 வரை கந்தாசிரமம் என்று மலையிலேயே குடியிருந்தவர். இங்குள்ள பாறையும் சுனையும் அவருக்கு வீட்டு முற்றம் மாதிரி.

குகையில் இருந்த காலத்தில், ஒருநாள் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஓடையில் பெரிய ஆலிலை ஒன்று கிடந்தது. சாப்பாடு பரிமாறலாம் போல அவ்வளவு பெரிய இலை. மலையின் வடபுறத்தில் ஓர் ஆலமரத்தடியில் சிவபெருமான் சித்தராக வீற்றிருக்கிறார் என்பது தலபுராணச் செய்தி. அந்த மரம்தானோ என்று பார்க்கும் ஆசையில் ஏறினார் ரமணர். வழியில் புதர் மறைவில் இருந்த குளவிக்கூட்டில் அவரது கால் பட்டுவிட்டது. குளவிகள் அந்தக் காலையே சூழ்ந்து கொட்டின. ‘கூட்டைக் கலைத்தது இந்தக் கால்தானே’ என்று, அவை கொட்டி முடிக்கும்வரை அசையாமல் நின்றார்.

அதற்குமேல் அவர் ஏறவில்லை. வீங்கிய காலோடு திரும்பிவிட்டார். பிறகு அந்த மரத்தைத் தேடிப் போகவும் இல்லை.

பின்னாளில், இந்தக் கதையைக் கேட்ட அன்பர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து மரத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். மரம் கிடைக்கவில்லை, வழிதான் தவறியது. பெரும்பாடுபட்டுக் கீழே இறங்கினார்கள்.

இன்றைக்கும் கதை மாறவில்லை. ஆடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்குபவர்களும் நடந்து நடந்து உண்டான ஒற்றையடித் தடங்கள் ஆங்காங்கே பிரியும். பார்த்தால் பாதை போலவே இருக்கும். கொஞ்ச தூரத்தில் பாறையிலோ முள்புதரிலோ போய் முடியும். இரண்டு பேராகப் போனால் தைரியம் இரண்டு மடங்கு. ‘இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போமே’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சந்தேகத்தை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுவார். வழி தவறுவது பெரும்பாலும் அந்த நிமிஷத்தில்தான்.

அடையாளம் எளிது. காலடியில் பாவிய கல் இருக்கும்வரை கவலை இல்லை. கல் மறைந்துவிட்டால் நின்றுவிடுங்கள். ‘குறுக்கே இறங்கினால் ஊர் வந்துவிடும்’ என்ற கணக்கு வேண்டாம். வந்த தடத்திலேயே கடைசியாகக் கல் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள். காலையிலேயே கிளம்புவது, ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர், போனில் முழு சார்ஜ் ஆகியவை கட்டாயம். வனத்துறை அனுமதி இல்லாமல் உச்சிக்கு ஏறக் கூடாது. 2024 டிசம்பர் 1-ம் தேதி பெய்த பெருமழையில் இதே மலையடிவாரத்தில், வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்ததை ஊர் மறக்கவில்லை. மழை நாளில் மலைப்பக்கமே வேண்டாம்.

உங்களோடு வரும் நண்பர் ‘திரும்பிடலாமா?’ என்று கேட்டால், பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யாதீர்கள். மலையையே வீடாகக் கொண்டவரும் ஒருநாள் பாதிவழியில் திரும்பியவர்தான்!