பத்து முப்பது

அஞ்சலகத்தில் ரப்பர் ஸ்டாம்பை மைப்பெட்டியில் ஒற்றி எடுக்கும்போது எழும்புகிற அந்த மை வாசனை எப்போது மூக்கில் ஏறினாலும், எனக்கு அண்ணா சாலை தேவி தியேட்டர் வாசலும் பெரியப்பாவும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அன்றைய சினிமா டிக்கெட் ஊதினால் பறந்துவிடுகிற மெல்லிய தாள், பச்சையோ ரோஸோ மஞ்சளோ வகுப்புக்கு ஒரு நிறம், அதன் மேல் கேளிக்கை வரி முத்திரை பாதி அழிந்து கிடக்கும். பெரியப்பா அதை வாங்கியதும் உள்ளே போக அவசரப்படமாட்டார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டிக்கெட்டை வெயிலுக்கு நேரே பிடித்து, தேதி, காட்சி, முத்திரை எல்லாம் பார்த்து, கட்டைவிரலால் ஒருமுறை நீவிவிட்டுப் பொடி டப்பாவோடு சேர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், இடைவேளையில் எடுத்தால் அந்தத் துண்டுத்தாள் மூக்குப்பொடி மணக்கும்.

ஹவுஸ்ஃபுல் பலகை தொங்கிவிட்டால், தூணோரம் நிற்கிற ஆள் உதடு அசையாமல் ‘பத்து முப்பது, பத்து முப்பது’ என்று முணுமுணுத்தபடி நம்மைக் கடந்து போவார், பத்து ரூபாய் டிக்கெட் முப்பது ரூபாய் என்று அர்த்தம். அது திருட்டு வியாபாரம் என்பதில் பெரியப்பாவுக்குச் சந்தேகமே கிடையாது, ஆனாலும் ஊரிலிருந்து வந்த அத்தைக்காக ஒருமுறை வாங்கினார், அப்போதும் முத்திரையை வெயிலில் பார்த்த பிறகுதான் காசு கை மாறியது. “போலியைக் கொடுத்தான்னா அடுத்த வெள்ளிக்கிழமை இந்தத் தூண்கிட்ட அவன் நிக்க முடியாதுடா” என்றார். பிளாக் டிக்கெட்டுக்கும் ஒரு முகமும் ஒரு தூணும் இருந்த காலம் அது.

முகம் என்றதும் மியூசிக் அகாடமியின் டிசம்பர் காலைகள் வருகின்றன, டிடிகே சாலையில் வெயில் ஏறுவதற்குள் அன்றைய டிக்கெட்டுக்கான வரிசை நீண்டிருக்கும், கேன்டீன் பக்கமிருந்து காபி மணம் அலையலையாக வந்து வரிசையைக் கலைக்கப் பார்க்கும். பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட மாமி ஒருத்தர், மாமாவுக்கு முட்டி வலி என்று வரமுடியாமல் போன அவருடைய சீசன் டிக்கெட்டை நீட்டி, “நீ போய்க் கேளு, இடம் காலியா இருந்தா பாடறவாளுக்குக் கஷ்டம்” என்பார், நாம் காசை எடுத்தால் அன்றைய விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கமாட்டார். மறுவிற்பனை என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் இருக்கவேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்போது டிக்கெட்டில் நீவிப்பார்க்க ஒன்றுமில்லை, திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம், ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் அதுவே பத்தாகிவிடுகிறது, பத்துப் பேருக்கும் விற்கலாம், வாசலில் முதலில் ஸ்கேன் ஆகிறவர் உள்ளே, மற்ற ஒன்பது பேர் வெளியே. 2024 செப்டம்பரில் கோல்ட்பிளே குழுவின் மும்பை நிகழ்ச்சிக்கு 2,500 ரூபாயிலிருந்து விற்ற டிக்கெட்டுகள் சில மணி நேரத்திற்குள் வேறு தளங்களில் லட்சங்களுக்குப் பட்டியலாயின, அங்கே விற்பவைக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று புக்மைஷோ அறிவிக்க வேண்டியதாயிற்று. கையில் இல்லாத டிக்கெட்டையே, பிறகு எங்காவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில், பட்டியலிட்டு விற்கிறவர்களும் உண்டு.

அண்ணன் மகள் சேப்பாக்கம் மேட்சுக்கு இன்ஸ்டாகிராமில் யாரோ ‘எக்ஸ்ட்ரா டிக்கெட்’ தருகிறார் என்று போனை நீட்டியபோது, பெரியப்பா வெயிலில் பிடித்துப் பார்த்தது போல நானும் பார்க்கத் தொடங்கியிருந்தேன், பார்க்கிற இடங்கள்தான் வேறு. படமாகவோ பிடிஎஃப்பாகவோ அனுப்புகிறேன் என்கிறவரை அங்கேயே விட்டுவிட வேண்டும், முதலில் விற்ற செயலிக்குள்ளேயே உன் கணக்குக்கு மாற்றிக் கொடுக்க முடிந்தால் மட்டும் மேலே பேசு. முன்பணமாக ஜிபே செய்துவிட்டால் வாங்கியவன் நினைத்தாலொழியத் திரும்பாது, கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியிடம் ஆட்சேபிக்கவாவது வழி உண்டு. பணத்தைத் திருப்பித் தருகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடு என்றால் அது திருட்டு, பின் நம்பர் பணம் போவதற்குத்தான், வருவதற்கு அல்ல. அப்படியும் போய்விட்டால் மறுநாள் வரை அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930க்கு அடித்துச் சொல்லிவிட வேண்டும், பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பிருக்கிறது. கிடைத்த சந்தோஷத்தில் டிக்கெட்டைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடாதே என்றும் சொன்னேன், அதை நகலெடுக்க யாருக்கும் அதிக நேரம் ஆகாது.

இவ்வளவு சாமர்த்தியத்தை ஒரு மேட்ச் பார்க்க ஆசைப்படும் பெண்ணின் தலையில் கட்டுவதுதான் எனக்கு மனசு ஒப்பவில்லை. அயர்லாந்தில் 2021இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, பெரிய அரங்குகளின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதையே குற்றமாக்கிவிட்டார்கள். இங்கேயும் அப்படி ஒன்று வரட்டும், வரும்வரை, போக முடியாதவர் வாங்கிய விலைக்கே திருப்பிக் கொடுக்கிற வழியை விற்ற நிறுவனமே தன் செயலியில் திறந்துவைக்கட்டும், விற்கும்போது வசூலிக்கிற கன்வீனியன்ஸ் கட்டணத்துக்கு அந்த ஒரு வசதியையாவது செய்து கொடுக்கலாம்.