எழுதி வாங்கிய காகிதம்

சின்னமனூருக்கு அருகே நமது ஊர். முல்லைப் பெரியாற்றின் நீரால் இருபோகம் விளையும் வயல். பந்தலிலே படர்ந்த திராட்சை. மேற்கே நிமிர்ந்தால் மலை. பொழுது புலருமுன் ஜீப்புகள் வந்து நிற்கும். கம்பம் மெட்டு வழியாகவும் போடி மெட்டு வழியாகவும் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்கள் ஏறிச் செல்வர். முன்விளக்கின் ஒளியில், முந்தானையை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டு ஏறும் முகம் ஒன்றிரண்டு தெரியும். பனிக்காக மூடுகிறார்கள் என்றே நாம் சிறு வயதில் எண்ணியிருந்தோம்.

படிப்பகத்தில் ஏடு படித்து, நாலு பேர் நடுவே நிமிர்ந்து பேசத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய நாளில், அம்முகங்களுள் ஒன்றுக்குரியவர் தம் வழக்கைச் சாவடிக்குக் கொண்டுவந்தார். நாம் அக்கா என்று அழைப்பவர். பெரியவர்கள் கூடினர். கணவன் தலை குனிந்து நின்றான். "இனிமேல் கை நீட்ட மாட்டேன்" என்று எழுதி வாங்குவதென முடிவாயிற்று. எழுதியது யார்? நாமேதான்! கையெழுத்து அழகாயிருக்கும் என்று நம்மிடம் தாளைத் தந்தனர், பெருமையோடு எழுதினோம். அவன் ஒப்பமிட்டான். அக்கா வீடு திரும்பினார்.

அடுத்த ஆண்டும் எழுதினோம். மூன்றாம் முறை காவல் நிலையத்தில், சமரசம் என்ற பெயரால். வாசகம் பழையதே, சாட்சி என்று நமது பெயர் மட்டும் புதிது. அந்த மாதம் முடிவதற்குள் அக்காவின் இடக்கை முறிந்தது.

அந்த மூன்று தாள்களையும் இன்று எண்ணிப் பார்க்கிறோம். ஒப்பமிடுவதைத் தவிர அவன் செய்ய வேண்டியதாக அவற்றில் ஒரு வேலையும் இல்லை. அக்காவுக்கோ வேலை இருந்தது: பொறுத்துக்கொள்ள வேண்டும், பொங்கி எழாமலிருக்க வேண்டும், திரும்பிப் போக வேண்டும். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அன்று ஒரு பெரியவர் அருளுரை வேறு வழங்கினார். நாம் மறுத்துப் பேசவில்லை.

சட்டம் நம் சாவடியைவிட அறிவுடையது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 14-ஆம் பிரிவின்படி, கொடுமை புரிந்தவனை ஆலோசனைக்குச் செல்லுமாறு நீதிபதி ஆணையிடலாம். 2006-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் ஒன்று கூறுகின்றன: தான் அடித்ததற்கு அவன் அங்கே நியாயம் கற்பிக்கக் கூடாது, இதனைத் தொடங்குமுன்பே அவனுக்கு அறிவித்துவிட வேண்டும். அரிய விதி, தோழர்களே! உப்புக் கூடிற்று, எதிர்த்துப் பேசினாள், என் தாயை மதிக்கவில்லை — இவற்றில் ஒன்றையும் அவன் வாய் திறந்து கூறலாகாது. நமது சாவடியிலோ அவன் காரணங்களைக் கேட்டு முடிக்கவே அரைநாள் ஆயிற்று.

ஆயினும் அவ்விதியின் முடிவிலும் அவனிடம் உறுதிமொழிதான் பெறப்படுகிறது. மீண்டும் காகிதம்! மாதக்கணக்கில் அவனை அமர்த்தி, கேள்வி கேட்டு, பழக்கத்தைப் பெயர்த்தெடுக்கும் பணிக்கு ஆள் எங்கே? பணம் எங்கே? நிர்பயா நிதி 2013-இல் 1,000 கோடி ரூபாயுடன் தொடங்கப்பட்டது. 2015 முதல் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்தன. 181 என்ற உதவி எண் வந்தது. அடிபட்டவளுக்கான ஏற்பாடுகள் இவை. இன்னும் பெருக வேண்டியவை. அடித்தவனுக்கோ சிறை, இல்லையேல் காகிதம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரையுள்ள, மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையைக் கண்டவர்கள். இத்தனை கணவன்மாருக்கும் சிறையில் இடமுண்டா? இத்தனை பெண்களும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டுமா? வெளியேறினாலும் அவன் வேறொருத்தியை மணந்து, அவளையும் ஜீப்பில் முகம் மூடி ஏறச் செய்வான்.

குடிதான் காரணம், குடியை நிறுத்தினால் கை தானே அடங்கும் என்பாரும் உண்டு. 2023-24-இல் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் ஒரு துளியை இப்பணிக்குத் தருக என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. ஆனால் ஒன்று கேட்கிறோம்: எத்தனை போதையேறினாலும் அவன் கங்காணியை அடித்ததுண்டா? கடன் கொடுத்தவனை அடித்ததுண்டா? யாரை அடிக்கலாம் என்பது போதையிலும் அவனுக்கு நன்றாகத் தெரிகிறது. போதை தெளிந்த காலையிலும் அக்கா அடி வாங்கியதை நாம் கண்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து துலூத் நகரில், 1981 முதல் இத்தகையோரை நீதிமன்ற ஆணையால் வகுப்புக்கு வரச் செய்தனர். காவலர், நீதிமன்றம், பெண்கள் காப்பகம் ஆகிய மூன்றும் ஒன்றாய்க் கண்காணித்தன. மந்திரத்தில் மாங்காய் விழுந்ததோ எனின், இல்லை. புரோவார்டு, புரூக்லின் என்ற இரு இடங்களில் நடந்த ஆய்வுகளை அந்நாட்டு நீதித்துறை 2003-இல் வெளியிட்டது. முதல் இடத்தில் தெளிவான பயன் தெரியவில்லை. இரண்டாவதில், 8 வாரம் பயின்றோரைவிட 26 வாரம் பயின்றோர் மீண்டும் குற்றம் புரிந்தது குறைவு. பெண்ணைப் பற்றிய எண்ணமோ மாறவில்லை. பிரிட்டனில் 2015-இல் முடிந்த ஆய்வில், வகுப்புக்கு வந்தோரின் மனைவியர், அடியும் உதையும் பெரிதும் குறைந்ததாகவும் அடக்கியாளும் போக்கு அவ்வளவு குறையவில்லை என்றும் கூறினர். பகுத்தறிவு பேசும் நாம் இவற்றை மறைத்துப் பணம் கேட்கலாகாது. அரைகுறையாய், இரண்டு அமர்வில் முடித்து அனுப்பும் வேலைக்கு ஒரு காசும் தரலாகாது என்பதே நாம் இவற்றிலிருந்து கற்பது.

பெண்கள் இயக்கத் தோழியர் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. காப்பகத்துக் கஞ்சியைப் பிடுங்கி, அடித்தவனுக்குப் பாடம் நடத்துவதா என்கிறார்கள். கூடாது. இதற்கான தொகை வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் நிற்க வேண்டும். 2011-இல் கையொப்பமான இஸ்தான்புல் உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவும், இத்தகைய திட்டங்களில் பெண்ணின் பாதுகாப்பே முதன்மை என்கிறது. அவன் வகுப்புக்கு வந்த நாளிலும் வராத நாளிலும் அவளைத் தனியே கண்டு விசாரிக்க ஒருவர் வேண்டும். வராதவன் பெயர் நீதிபதிக்குப் போக வேண்டும். வகுப்பை முடித்தான் என்பதற்காக வழக்கு மறையலாகாது. சேர்ந்து வாழச் சொல்லி அவளிடம் எவரும் தூது போகலாகாது.

சென்ற ஆண்டு அவன் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். நரைத்திருந்தான். அக்கா கூடலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். "தம்பி, இன்னொரு தடவை எழுதிக் கொடுங்கள், கூட்டி வந்துவிடுகிறேன்" என்றான். எழுத மாட்டோம் என்றோம். சற்று நேரம் நின்றான். "அப்படியானால் நான் எங்கேதான் போவது?" என்றான். நடிப்போ, உண்மையோ, அறியோம். ஆனால் கம்பத்திலிருந்து தேனிவரை அவனுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு முகவரி இல்லை.

ஆலோசகர் இருவர், அக்காக்களை விசாரிக்க ஒருவர், உத்தமபாளையத்தில் ஓர் அறை, வாரம் ஒரு மாலை, ஆறு மாதம் — தொடக்கத்திற்கு இவ்வளவுதான் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். வரும் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கப் போகிறோம். அதற்குமுன் கூடலூர் சென்று அக்காவிடம் அதைப் படித்துக் காட்ட வேண்டும்; வெட்டச் சொல்வதை வெட்டுவோம்.