அரை டம்ளர் எண்ணெய்

எண்ணெய்ப் பிசுக்கோடு மல்லுக்கட்டுவதில் எனக்கு நாற்பது வருஷ அநுபவம் உண்டு. அப்பளம் பொரித்த வாணலி, அடுப்பங்கரைச் சுவர், ஊறுகாய் ஜாடி எதுவும் என்னிடம் தப்பியதில்லை. ஆனால் கார் என்ஜினுக்குள் படியும் பிசுக்கைப் பற்றி யாராவது என்னிடம் பேச வந்திருந்தால், "போங்கள் ஐயா, வேறு வேலையில்லையா?" என்றுதான் கேட்டிருப்பேன்.

வண்டியை வாங்கியவர் என் கணவர். 2014-ல் வாங்கிய சிறிய டீசல் கார். அவர் போன பிறகு நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். மாதம் ஒரு முறை ஸ்ரீரங்கத்திலிருந்து மண்ணச்சநல்லூர், துரையூர் வழியாக உப்பிலியபுரம் போவேன். அங்கே என் அக்கா இருக்கிறாள். வயது எழுபத்தைந்து, வாசற்படி தாண்டமாட்டாள். பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். துரையூரில் இறங்கி இன்னொரு பஸ் ஏறுவதற்கு என் முழங்கால் சம்மதிக்க வேண்டுமே!

போன மாசியில் வண்டி நீலப் புகை விட ஆரம்பித்தது. திருச்சியில் ஓர் ஒர்க் ஷாப்பில் காட்டினேன். ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே எண்ணெயைப் பார்த்த மாத்திரத்தில், "டர்போ போச்சு, 35,000 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். பெங்களூரிலிருந்து மகன், "விற்றுத் தொலை அம்மா" என்றான். விற்றுவிட்டு? 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபோது பல கம்பெனிகள் சின்ன டீசல் கார்களையே நிறுத்திவிட்டன. வேறு கார் வாங்க என்னிடம் பணமும் இல்லை. வண்டி போனால் அக்காவும் போன மாதிரிதான்.

கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று மெள்ள ஓட்டிக்கொண்டு உப்பிலியபுரம் போனேன். பச்சைமலை ஏறி இறங்கும் ஜீப்புகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவரை அக்கா வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் அழைத்து வந்தார்.

டர்போ என்றால் என்ன என்று அவர்தான் எனக்கு விளங்க வைத்தார். அடுப்புப் புகை வெளியே போகிற வேகத்தில் ஒரு காற்றாடியைச் சுற்ற, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடி அந்த அடுப்பையே ஊதினால் எப்படி? அவ்வளவுதான். (இதற்கு 1905-லேயே பேடண்ட் வாங்கியவர் ஸ்விட்ஸர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரெட் பூஹி என்று பிற்பாடு படித்தேன்.) நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் அந்தத் தண்டு, மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்துகொண்டே சுற்றுகிறதாம்!

"நீங்களே விரலை வச்சுப் பாருங்கம்மா" என்றார்.

வைத்தேன். எத்தனை வருஷம் தையல் மெஷின் பாபினைத் தொட்ட விரல்! காற்றாடி உரசாமல் வழுக்கிச் சுற்றிற்று.

"மேலே கீழே துளி ஆடும். அது எண்ணெய்க்கு விட்ட இடம். இழுத்துத் தள்ளினா ஆடக் கூடாது. எறக்கை சுவத்துல உரசியிருந்தா கோடு விழுந்திருக்கும்."

கோடு இல்லை, இறக்கை நுனியும் மழுங்கவில்லை. என்ஜின் எண்ணெயை வடித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தார். பேரிங் தேய்ந்திருந்தால் பொன்னிறத் துகள் மினுக்குமாம். ஒன்றும் மினுக்கவில்லை. தங்கம் இல்லை என்பதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

குற்றவாளி வேறு இடத்தில் இருந்தான். என்ஜினுக்குள் எழும் ஆவியை வெளியே விடும் ப்ரீதர் குழாய், கறுப்புக் களி போல அடைத்துக் கிடந்தது. குக்கரின் விசில் துவாரத்தில் பருப்பு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கண்ட வழியில் பீறிடும் அல்லவா? அப்படித்தான். உள்ளே அழுத்தம் கூடியதால், டர்போவிலிருந்து கீழே வடிய வேண்டிய எண்ணெய் வடிய முடியாமல் காற்றுக் குழாய்க்குள் கசிந்துவிட்டது. காற்றை ஆற்றும் இன்டர்கூலர் பெட்டியைக் கவிழ்த்ததும் அரை டம்ளர் எண்ணெய் விழுந்தது. "ஈரம் படியறது சகஜம்மா. தேங்கினாத்தான் தப்பு."

குழாயையும் பெட்டியையும் மண்ணெண்ணெய் விட்டு அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றடித்தார். மாட்டிவிடுங்கள், இருட்டுவதற்குள் புறப்படுகிறேன் என்றேன். மனிதர் மசியவில்லை.

"மண்ணெண்ணெய் ஈரத்தோட மாட்டினா, என்ஜின் அதையும் டீசலா நெனச்சுக் குடிக்கும். அப்புறம் சாவியை எடுத்தாலும் நிக்காது. நாளைக்கு வெயில்ல காயட்டும்."

ஆக, அன்றிரவு அக்கா வீட்டிலேயே தங்கினேன். பத்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. எப்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்துவிட்டு ஓடுகிறவள் நான். அக்கா தூங்கவே இல்லை. அம்மா காலத்துச் சண்டை ஒன்றை, யார் பக்கம் தப்பு என்று விடியும் வரை விசாரித்தோம். தீர்ப்பு இன்னும் ஆகவில்லை.

புதுக் குழாய், புது எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். முதல் சில மைல் மிச்சப் பிசுக்கு எரிந்து லேசாகப் புகைந்தது, பிறகு இல்லை. இப்போது ஞாயிறு தோறும் எண்ணெய் அளவுக் குச்சியை நானே உருவிப் பார்க்கிறேன்.

மெக்கானிக் ஒரு பத்தியமும் சொல்லியிருக்கிறார். நெடுந்தூரம் ஓடி வந்ததும் சட்டென்று என்ஜினை அணைக்கக் கூடாது. சூடேறிய தண்டில் எண்ணெய் நின்று கருகிவிடும். ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும். அதனால் அக்கா வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள்:

"வந்துட்டு இறங்காம என்னடி ஜபம் பண்றே? காப்பி ஆறிண்டிருக்கு!"