மொசக்கறி கேக்கறவங்களுக்கு ஒரு பதில்

குற்றாலத்துல சாரல் விழ ஆரம்பிச்சதும் எனக்கு மூணு விதமா போன் வரும். ஒண்ணு, "அருவியில தண்ணி விழுதா?" ரெண்டு, "ரூம் கிடைக்குமா?" மூணாவது போன் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி வரும். "அண்ணாச்சி, காட்டு மொசல் கிடைக்குமா? ரேட்டைப் பத்திக் கவலையில்ல."

முதல் ரெண்டுக்கும் உடனே பதில் சொல்லிருவேன். மூணாவதைப் போன்ல சொல்லி முடியாது, அதான் இந்தப் பதிவு. காட்டு மொசல் கிடைக்காது. ஆனா மொசக்கறியை ருசியா சாப்பிட வழி இருக்கு. ரெண்டையும் சொல்லிடறேன்.

நீங்க கேக்கற காட்டு முயலும் பண்ணையில வளக்கற முயலும் ஒரே இனம் கிடையாது. இங்கிலீஷ்காரன் ஒண்ணை ஹேர்ங்கறான், இன்னொண்ணை ராபிட்ங்கறான். நாம ரெண்டையும் முயல்னுட்டோம். காட்டு முயல் வளை தோண்டாது. புல்லு மறைவுல உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம் பண்ணி அதுல பதுங்கிக் கிடக்கும். அதோட குட்டி பொறக்கும்போதே மயிரோட, கண்ணு முழிச்சிருக்கும். பண்ணை முயல் குட்டி மயிரில்லாம, கண்ணு மூடித்தான் பொறக்கும். கண்ணு தெறக்கப் பத்து நாள் ஆகும். கறியும் அப்படித்தான். ஓடி ஓடி வளந்த காட்டு முயல் கறி கருஞ்சிவப்பா இருக்கும். பண்ணை முயல் கறி நாட்டுக்கோழியை விட வெளுப்பா, இளஞ்சிவப்பா இருக்கும்.

இது தெரிஞ்சா ஒரு ஏமாத்து வேலையும் புரியும். ரோட்டோரமா ஒருத்தர் ரகசியமா "காட்டு மொசல்"னு வெளுத்த கறியைக் குடுத்தா, அது பண்ணை முயல், விலை மட்டும் டபுள். கருஞ்சிவப்பா இருந்துச்சுன்னா அதை வாங்கவே கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிக்கறதும் குற்றம், கறியைக் கையில வச்சிருக்கறதும் குற்றம். மூணு வருசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. 2022-ல சட்டத்தைத் திருத்தினப்போ அபராதத்தையும் ஒரு லட்சம் வரைக்கும் ஏத்திட்டாங்க. கவுதாரிக்கும் இதே கதைதான். பரோட்டாக் கடையில நீங்க கேட்டு வாங்கித் திங்கற காடை காட்டுக் காடை இல்ல, பண்ணையில வளக்கற ஜப்பான் காடை. அதை ருசியாத்தானே சாப்பிடறீங்க?

எங்க தாத்தா காலத்துல வேட்டை உண்டு. இந்தக் கரிசக்காட்டுப் பக்கத்து சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டறதுக்குன்னே வளந்த நாய்க. இல்லைன்னு சொல்லலை. ஆனா அப்ப தரிசும் புதரும் நெறைய கிடந்துச்சு. இப்ப புதரெல்லாம் பிளாட்டா மாறிட்டு வருது. மிச்சம் இருக்கற முயலை நம்பித்தான் நரியும் காட்டுப்பூனையும் கழுகும் இருக்கு. என் உளுந்துக் கொழுந்தை முயல் கடிக்கத்தான் செய்யுது, வயிறு எரியத்தான் செய்யுது. வரப்புல பழைய சேலையைக் கட்டி வச்சிருக்கேன். அதையும் தாண்டித் தின்னுட்டுப் போறதை அதோட பங்குன்னு விட்டுட்டேன்.

போன சீசன்ல நடந்ததைச் சொல்றேன். குற்றாலத்துக்கு வந்த யாரோ ஒருத்தர் எங்க தெருப் பையன் ஒருத்தன்கிட்ட, ரெண்டு காட்டு மொசல் குடுத்தா ரெண்டாயிரம் தாரேன்னு சொல்லியிருக்கார். அவன் கம்பியில சுருக்கு பண்ணி வேலி ஓரமா வச்சுட்டான். மொசல் விழலை. என் நாய் மணி விழுந்துட்டு. ராத்திரி முழுக்க இழுத்து இழுத்து, காலையில நான் போய்ப் பாக்கறப்ப கம்பி முன்னங்கால் எலும்பு வரைக்கும் எறங்கியிருந்துச்சு. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். உயிர் தப்பிச்சுட்டு, கால் போச்சு. இப்ப மூணு கால்லதான் என் பின்னாடி வருது.

அந்தப் பையன் மறுநாள் அவனா வந்து, "மாமா, நான்தான் வச்சேன்"னு நின்னான். அழுதான். "ஏல, ரெண்டாயிரத்துக்கு உனக்கு என்ன அவசரம்?"னு கேட்டேன். தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்துல பணம் கட்டணும்னான். அதுக்கு மேல நான் என்ன பேச? சுருக்கு வச்ச பையனை விட, குரலைத் தாழ்த்திக் கேட்டுட்டுக் கார் ஏறிப் போன மனுசன் மேலதான் எனக்குக் கோவம். மாட்டியிருந்தா இவன் ஜெயிலுக்குப் போயிருப்பான். அவர் அடுத்த வருசமும் குளிக்க வருவார்.

இப்ப அந்தப் பையன் முயல் வளக்கான். கொடைக்கானல் மன்னவனூர்ல மத்திய அரசோட ஆராய்ச்சி மையம் ஒண்ணு இருக்கு. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா மாதிரி கறி இனங்களை அங்க வளக்காங்க. அந்த இனத்துல ரெண்டு பெட்டை, ஒரு கெடா வச்சு ஆரம்பிச்சான். முயலுக்குச் சினைக்காலம் ஒரு மாசம்தான். ஒரு ஈத்துக்கு ஆறு, ஏழு குட்டி. அகத்தி, முருங்கை, வேலிமசால், அருகம்புல் எல்லாம் எங்க தோட்டத்துலயே அறுத்துக்கிடுவான். முயலுக்குப் பெரிய எதிரி வெயில். சித்திரையில புளியமரத்து நிழல்ல கூண்டை வச்சு, சுத்தி ஈரச்சாக்கு கட்டணும். சாரல் காத்து வந்துட்டா அதுகளுக்கும் கொண்டாட்டம்தான்.

இப்ப சமையல். பண்ணை முயல் வாங்கினவங்க நெறைய பேரு "சக்கை மாதிரி இருக்கு"ன்னு சொல்வாங்க. காரணம் இதுதான்: காட்டு முயலுக்குப் பாட்டி சொன்ன பக்குவத்தைப் பண்ணை முயலுக்குப் பண்றாங்க. அது முரட்டுக் கறி, ரொம்ப நேரம் வேகணும். இது இளங்கறி, கொழுப்பே கிடையாது. கூட வெந்தா வறண்டு போயிரும்.

மூணு மாசத்து முயலா வாங்குங்க. உயிரோட ரெண்டு கிலோ இருந்தா கறி ஒரு கிலோ தேறும். அறுத்த உடனே அடுப்புல ஏத்தாதீங்க, வெறைச்சுக்கிடும். காலையில அறுத்தா பிரிட்ஜுல வச்சு சாயங்காலம் சமைங்க. முதுகு மேல வெள்ளையா ஒரு சவ்வு இருக்கும், அதைக் கத்தியால உரிச்சு எடுத்துருங்க. மஞ்சளும் கல்லுப்பும் போட்டுக் கழுவி, ரெண்டு ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, ஒரு கரண்டி தயிர், உப்பு போட்டுப் பெரட்டி ஒரு மணி நேரம் வச்சிருங்க.

மல்லி ரெண்டு மேசைக்கரண்டி, மிளகா வத்தல் ஆறு, மிளகு ரெண்டு ஸ்பூன், சீரகமும் சோம்பும் ஒவ்வொரு ஸ்பூன். வெறும் சட்டியில வறுத்து அரைச்சுக்கோங்க. மண்சட்டியில தேங்கா எண்ணெய் தாராளமா ஊத்துங்க. கறியில கொழுப்பு இல்லாததை எண்ணெய்தான் ஈடுகட்டணும். கறிவேப்பிலை, கால் கிலோ சின்ன உள்ளி (உங்க ஊர்ல சின்ன வெங்காயம்) போட்டு நல்லா செவக்க வதக்கி, ஒரு தக்காளி, அரைச்ச மசாலா சேருங்க.

முதல்ல காலையும் தொடையையும் மட்டும் போடுங்க. கால் மணி நேரம் கழிச்சு முதுகுக்கறி. ஈரல் கடைசி அஞ்சு நிமிசம். ஒரு டம்ளர் தண்ணி போதும். சட்டியைத் தட்டால மூடி, அந்தத் தட்டு மேலயும் கொஞ்சம் தண்ணி ஊத்தி வைங்க. ஆவி மேல போய்க் குளுந்து திரும்பச் சட்டிக்குள்ளயே சொட்டும், கறி காயாது. தீ எப்பவும் சின்னதா எரியணும். மொத்தம் நாப்பது நிமிசம், அவ்வளவுதான். குக்கர் வேண்டாம். கடைசியில அரை மூடித் தேங்காயை அரைச்சு ஊத்தி, ஒரு கொதி வந்ததும் எறக்கிருங்க. பத்து நிமிசம் மூடியே இருக்கட்டும். சோத்துக்கும் சேரும், இடியாப்பத்துக்கும் சேரும், பரோட்டாவுக்குச் சொல்லவே வேண்டாம்.

இந்தத் தடவை குற்றாலம் வர்றப்ப மொசக்கறி வேணும்னா தாராளமாக் கேளுங்க. குரலைத் தாழ்த்த வேண்டியதில்ல, சத்தமாவே கேக்கலாம். கூட ஒரு கேள்வியும் சேத்துக் கேளுங்க: "இது யார் வளத்தது?" அதுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்ச ஆள்கிட்ட மட்டும் வாங்குங்க. எங்க தெருப் பையனுக்குத் தெரியும்.