கையைப் பின்னால் கட்டிக்கொண்ட ஆசிரியர்

சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நள்ளிரவில் மணலைப் பார்த்தபடியே சிலர் நடந்துபோவார்கள். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். பங்குனி ஆமை கரையேறிப் போன தடத்தைத் தேடி, நாய்கள் தோண்டுவதற்குள் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்ப்பது இவர்கள் வேலை. 1970களில் பாம்புப் பண்ணையைச் சார்ந்தவர்கள் தொடங்கிய நடை இது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இதை நடத்திவருகிறது. வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களும் உடன் போகலாம்.

நான் போன சனிக்கிழமை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கிக் கிளம்பிய குழுவை அழைத்துச் சென்றவர் கடல் உயிரியல் முதுகலை மாணவி. முதல் வேலையாக எல்லோருடைய டார்ச்சையும் அணைக்கச் சொன்னார். ஒரு சிறுவன் கேட்டான்: “அக்கா, முட்டை போடுறப்ப ஆமை அழுமாமே?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. “ஆமை என்ன தண்ணி குடிக்கும்?” என்றார்.

“கடல் தண்ணிதான்.”

“அவ்வளவு உப்பும் எங்க போகும்?”

பையன் நான்கைந்து அடி நடந்தான். “கண்ணு வழியாவா?”

“அதேதான். கண்ணுக்குப் பக்கத்துல சுரப்பி இருக்கு. கடல்ல இருக்கும்போதும் அது வழியா உப்பை வெளியேத்திக்கிட்டேதான் இருக்கும்.”

வழியில் ஓர் ஆமை செத்து ஒதுங்கிக் கிடந்தது. ஆமைக்கு நுரையீரல், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் சிக்கினால் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரக் கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேல் இப்படி ஒதுங்கின. மீனவர்களைத் திட்டத் தொடங்கிய ஒருவரிடம், ஃபைபர் படகுக்காரர் வேறு, இழுவலை விசைப்படகுக்காரர் வேறு என்று அந்த மாணவி பொறுமையாக விளக்கினார். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தடம் கிடைத்தது இரண்டு மணிக்குமேல். ஈர மணலில் டிராக்டர் சக்கரம் ஏறி இறங்கியதுபோல இரண்டு வரிசை. அது முடிகிற இடத்தில் மணல் கலைந்திருந்தது. அதற்குள் முட்டைக்குழி எங்கே என்பதைக் குச்சியால்தான் அறிய வேண்டும். இறுகிய மணலில் குச்சி நிற்கும். குழிக்கு மேலே பொசுக்கென்று இறங்கும். அங்கே அரை நொடி தாமதித்தாலும் முட்டை உடையும்.

குச்சியை அவர் எடுக்கவில்லை. முதலாமாண்டு மாணவன் ஒருவனிடம் கொடுத்துவிட்டுத் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “அழுத்தாதடா. உன் எடையைப் போடாத. அதுவா இறங்கும்.” அவன் அங்கும் இங்கும் குத்திப் பார்த்தான். கூட்டத்தில் சிலருக்குப் பொறுமை போயிற்று. அவர் கை பின்னாலேயே இருந்தது. இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி வைத்தபோது குச்சி சட்டென்று இறங்க, அவன் அந்தக் கணமே நிறுத்தினான். “இப்ப உன் கைக்குத் தெரிஞ்சிருச்சு” என்றார்.

பிறகு தோண்டல், வெறுங்கையால். ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழம். வாய் குறுகி அடி அகன்ற குழி. விரல் பட்டால் லேசாக அமுங்கும் வெள்ளை முட்டைகள். பிள்ளைகள் சத்தமாக எண்ண எண்ண, எண்ணிக்கை நூறைத் தாண்டியது. இட்ட சில மணி நேரத்துக்குள், அதிகம் உருட்டாமல் மாற்ற வேண்டும். தாமதித்துப் புரட்டினால் கரு பிழைக்காது. பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவில் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஒன்றரை மாதத்துக்குமேல் ஆகும் பொரிய. மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண்.

“தீசிஸ்ல இதுக்கு ஒரு வரிகூட வராது சார்” என்றார் அந்த மாணவி விடியும் நேரத்தில். வர வேண்டும் என்பது என் கருத்து. வகுப்பறையில் ஒரு பருவம் முழுக்க நடத்தினாலும் அந்தப் பையன் கைக்குக் குச்சியின் பாஷை வந்திருக்காது. கடல் அறிவியல் துறைகள் இந்த இரவுகளைக் கற்பித்தல் அனுபவமாகக் கணக்கில் எடுத்து மதிப்பெண் தரலாம்.

கரையோரம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நம்பி ஊர்ந்து வருகின்றன. மே மாதம் முடியும்வரை, கடலைப் பார்த்த மாடி விளக்குகளை இரவில் அணைத்துவையுங்கள்.